காவலுக்குக் கூலி ஒரு வரிசை காராமணி

யவத்மால், வாரங்கல், பட்டிண்டா என்று பருத்தி விளையும் எந்த வட்டாரத்துக்குப் போனாலும், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காட்சி தப்பாது. பூச்சிமருந்துக் கடை வாசலில் ஒரு விவசாயி நிற்பார். கையில், ஓரம் சுருண்டு மஞ்சளித்துப்போன நாலைந்து இலைகள். கடைக்காரர் அதில் ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்ப்பார். பின்னால் இருக்கும் அலமாரியிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து வைப்பார். சில சமயம் மூன்று. "எல்லாத்தையும் கலந்து அடிங்க, நாலு நாள்ல போயிடும்." பணம் பெரும்பாலும் கணக்கில் ஏறும். பருத்தி விற்ற பிறகு வட்டியோடு கழித்துக்கொள்ளப்படும்.

டாக்டர், மருந்துக் கடைக்காரர், கடன் கொடுப்பவர் மூவரும் ஒரே ஆள். அவரை வில்லனாக்க வேண்டாம். விவசாய அதிகாரி வராத ஊரில் அவர்தான் கடை திறந்து உட்கார்ந்திருக்கிறார். தன்னிடம் இருப்பதை அவர் விற்கிறார். ஆனால் அந்த அலமாரியில் காராமணி விதை இருக்காது. கொத்தமல்லி விதையும் இருக்காது. இந்த வாரம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

அலமாரியின் விலை என்ன என்பது நமக்குத் தெரியும். 1997-98 பருவத்தில், அன்றைய ஆந்திரத்தின் வாரங்கல் மாவட்டத்தில் பருத்தியைப் புழு தின்றது. விவசாயிகள் கடன் வாங்கி அடித்தார்கள், மறுபடி அடித்தார்கள். புழு சாகவில்லை. கடனில் மூழ்கியவர்கள் பலர், புழுவுக்கு வாங்கிய மருந்தையே குடித்துச் செத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் மருந்தைக் குடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிற்று. உயர்ந்து வளர்ந்த பருத்திக்குள் நின்று தெளித்தவர்கள் அதைச் சுவாசித்தே விழுந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பலர் அன்றாடக் கூலிக்குத் தெளிக்கப் போனவர்கள்.

இடையில் 2002-ல் பி.டி. பருத்தி வந்தது. பச்சைக் காய்ப்புழுவுக்கான தெளிப்பு குறைந்தது உண்மை. ஆனால் சாறு உறிஞ்சும் பூச்சிகளை அந்த விதை ஒன்றும் செய்யாது. அசுவினி, தத்துப்பூச்சி, இலைப்பேன், வெள்ளை ஈ எல்லாம் காலியான இடத்தில் வந்து உட்கார்ந்தன. கொஞ்ச காலம் ஓய்ந்திருந்த தெளிப்பான் மறுபடி தோளில் ஏறியது.

இத்தனை போராட்டத்திலும் ஒரு கேள்வியை நாம் கேட்கவே இல்லை. அந்த வயலில் வேறு யார் இருந்தார்கள்? இலையைத் தின்கிற பூச்சி தெரியும். அந்தப் பூச்சியைத் தின்கிற பூச்சி எங்கே போயிற்று?

அதற்கு ஒரு நல்ல பதிலை 2008-ல் வட இந்தியப் பருத்தி வயல்களே சொல்லின. அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பு பஞ்சாப், ஹரியானா பக்கம் மாவுப்பூச்சி படையெடுத்தது. செடியின் தண்டு முழுக்க வெள்ளை மாவு அப்பியதுபோல் இருக்கும். உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சரியாக இறங்காது. விவசாயிகள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒரு சிறு குளவி தென்பட்டது. எறும்பைவிடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் ஒரு முட்டை இடும். உள்ளே பொரிக்கும் புழு அதைத் தின்று வளரும். மாவுப்பூச்சி பழுப்பு நிறக் கூடாகிவிடும். அதில் துளை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். யாரும் அதை இறக்குமதி செய்யவில்லை. பரிசோதனைச் சாலையில் வளர்த்து விடவில்லை. அதுவாக வந்தது. விஞ்ஞானிகள் அதற்கு ஏனாசியஸ் என்ற பேரினத்தில் இடம் கொடுத்துப் பெயர் வைத்து முடிப்பதற்குள் அது பாதி வேலையை முடித்திருந்தது.

ஹரியானாவின் ஜீந்த் மாவட்டத்தில் நிடானா என்று ஒரு கிராமம். அங்கே சுரேந்தர் தலால் என்ற வேளாண் அதிகாரி 2008 வாக்கில் ஒரு விசித்திரமான பள்ளிக்கூடம் தொடங்கினார். வகுப்பறை பருத்தி வயல். பாடப் புத்தகம் இலை. விவசாயிகளும், பின்னால் பெண்களும், பூதக்கண்ணாடியும் நோட்டுப் புத்தகமுமாக உட்கார்ந்து பூச்சிகளை எண்ணினார்கள். நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பிரிக்கவில்லை. சைவம், அசைவம் என்று பிரித்தார்கள். இலை தின்பது சைவம். சைவத்தைத் தின்பது அசைவம். எண்ணிப் பார்த்தால் அசைவ வகைகளே அதிகம். மாவுப்பூச்சியைத் தின்ற அந்தக் குளவிக்கு அவர்களே 'அங்கீரா' என்று பெயரிட்டார்கள். தலால் 2013-ல் காலமானார். அவரிடம் படித்தவர்கள் வகுப்பைத் தொடர்ந்தார்கள்.

2015-ல் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வெள்ளை ஈ பருத்தியை நாசமாக்கியபோது இந்தப் படிப்பின் மதிப்பு தெரிந்தது. அந்த ஆண்டு பலர் பத்து முறைக்கு மேல் தெளித்தும் பயிரை உழுது அழித்தார்கள். தெளிக்காமல் காத்திருந்த நிடானா வட்டாரத்து வயல்களில் சேதம் குறைவு என்று பத்திரிகைகள் எழுதின. இதில் மாயமில்லை. கண்டபடி மருந்து அடித்தால் வெள்ளை ஈ பெருகும் என்பது பூச்சியியல் மாணவனுக்கும் தெரிந்த பாடம். மருந்து, ஈயைவிட ஈயின் எதிரிகளை அதிகம் கொல்கிறது.

ஏன் அப்படி? கணக்கு எளியது. பெண் அசுவினிக்கு ஆண் துணைகூட வேண்டாம், முட்டையும் வேண்டாம், நேரே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரத்தில் தாயாகிவிடும். அதைத் தின்னும் பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக இரண்டு மூன்று வாரம் ஆகும். மருந்து விழுந்ததும் இரண்டும் சாகின்றன. தப்பிப் பிழைத்த நாலு அசுவினிக்கு இலை முழுக்கச் சாப்பாடு. தப்பிப் பிழைத்த ஒரு பொறிவண்டுக்குச் சாப்பாடு இல்லை. அது பட்டினி கிடக்கும் அல்லது பறந்து போய்விடும். எனவே முதலில் திரும்பி வருவது எப்போதும் அசுவினிதான். திருடன் ஓடி வருகிறான், காவல்காரன் நடந்து வருகிறான்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? திருடன் வருமுன்பே காவல்காரன் ஊரில் இருக்க வேண்டும். வேலையில்லாத நாளிலும் அவனுக்குச் சோறு போட வேண்டும். துணைப்பயிர் என்பது இந்தச் சோறுதான்.

முதல் பந்தி காராமணி. தட்டைப்பயறு என்றும் சொல்வோம். பருத்தியைச் சுற்றி வரப்போரமாகவோ நடுவில் ஊடுபயிராகவோ போடலாம். காராமணிக் கொடியில் கறுப்பு அசுவினி அப்பும். பார்த்தால் பதறும். ஆனால் அது முக்கியமாகப் பயறு வகைகளின் அசுவினி. பருத்தியைப் பிடிப்பது வேறு அசுவினி. கறுப்பு அசுவினியைத் தேடிப் பொறிவண்டுகள் வரும். அங்கேயே முட்டையிட்டுப் பெருகும். பருத்தியில் அசுவினி தலைகாட்டும்போது காவல் படை பக்கத்து வரிசையில் தயாராக நிற்கும். ஒரு பொறிவண்டுப் புழு வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்னும். காராமணிக்கு இன்னொரு குணமும் உண்டு. பூவுக்கு வெளியே, காம்புகளிலும் தேன் சுரக்கும். பூக்காத நாளிலும் குளவிக்கு விருந்து.

இரண்டாவது பந்தி உயரமான பயிர். வயலைச் சுற்றி நாலு வரிசை சோளமோ மக்காச்சோளமோ போட்டால் அது வேலியாகும்; காற்றோடு மிதந்து வரும் சிறு பூச்சிகளில் ஒரு பகுதி அங்கேயே தட்டி நிற்கும். அதன் மகரந்தம் பொறிவண்டுக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கும் உணவு. கதிர்மேல் கரிச்சானும் மைனாவும் வந்து உட்காரும். அவை புழு பொறுக்கக் கூலி கேட்பதில்லை. கொஞ்சம் தானியம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

மூன்றாவது பந்தி பூக்கள். கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை, கடுகு, எள். நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பவைதான். முட்டை ஒட்டுண்ணியான டிரைக்கோகிரம்மா ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத குளவி. அதன் வாய் மிகச் சிறியது. ஆழமான பூவில் எட்டாது. கொத்தமல்லி, சோம்பு போன்ற குடைப் பூக்களில் தேன் மேலாகவே திறந்து கிடக்கும். பட்டினி கிடந்தால் இரண்டொரு நாளில் சாகிற குளவி, தேன் குடித்தால் பல மடங்கு நாள் இருந்து முட்டையிடும். அசுவினியைத் தின்னும் ஒருவகை ஈயும் இப்படித்தான். பிள்ளை அசைவம், தாய் சைவம். தாய்க்குப் பூ இல்லாவிட்டால் பிள்ளை பிறக்காது.

இதெல்லாம் புதிதா? பாதிதான் புதிது. விதர்பாவிலும் தெலங்கானாவிலும் பருத்திக்கு நடுவே துவரையும் சோளமும் விதைப்பது பழைய வழக்கம். அந்தக் காலத்து விவசாயி குளவிக்குத் தேன் கொடுக்க வேண்டும் என்று நினைத்து விதைக்கவில்லை. பருத்தி பொய்த்தாலும் வீட்டுக்குப் பருப்பும் மாட்டுக்குத் தட்டையும் இருக்கட்டும் என்று விதைத்தான். குளவி அதில் ஒட்டிக்கொண்டு பிழைத்தது. பின்னால் வயல் முழுக்கப் பருத்தி மட்டும் என்று ஆனபோது, வீட்டுப் பருப்போடு குளவியின் சாப்பாடும் போயிற்று. முதல் இழப்பை நாம் மளிகைக் கடையில் உணர்ந்தோம். இரண்டாவதை உணரவே இல்லை.

ஆதாரம் வேண்டுபவர்களுக்கு நெல் வயலில் ஒன்று இருக்கிறது. சீனா, தாய்லாந்து, வியத்நாம் மூன்று நாடுகளிலும் வரப்புகளில் தேன் சுரக்கும் பூச்செடிகளை வளர்த்துப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். முடிவு 2016-ல் 'நேச்சர் பிளான்ட்ஸ்' ஆய்விதழில் வந்தது. பூச்சிமருந்துத் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை, 5 சதவீதம் கூடியது. விவசாயிக்கு வரவு 7.5 சதவீதம் உயர்ந்தது. எள் போன்ற எளிய செடிகள் செய்த வேலை அது. நம் நாட்டிலும் ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனம் இந்த முறையைக் கற்றுக்கொடுக்கிறது.

காய்கறிக்குச் சற்று வேறு உத்தி. பெங்களூருக்கு அருகில் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலேயே சொன்னது இது: 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. தக்காளி நாற்று 25 நாள் வயதில் நடும்போது செண்டுமல்லி நாற்று 45 நாள் வயதில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பூக்கும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குச் செண்டுமல்லி மேல் ஆசை அதிகம். முட்டையை அங்கே கொட்டும். முட்டைக்கோசுக்கு இதே வேலையைக் கடுகு செய்யும். மருந்து தேவைப்பட்டாலும் அந்தப் பொறி வரிசையில் மட்டும் அடித்தால் போதும். மற்ற வரிசைகளில் குளவிகள் நிம்மதியாக இருக்கும்.

இதைப் படித்துவிட்டு எதையாவது எதோடாவது சேர்த்து விதைத்தால் போதும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு நிலையத்தில் கண்ட ஒரு பாடம் முக்கியமானது. சோளக் கதிரில் காய்ப்புழு இடும் முட்டைகளை டிரைக்கோகிரம்மா தாராளமாக அழித்தது. பக்கத்திலேயே நின்ற துவரையில் அது கிட்டத்தட்ட ஒன்றும் செய்யவில்லை. துவரைப் பூவிலும் காயிலும் உள்ள பிசுபிசுப்பான நுண்முடிகளில் அந்தச் சிறு குளவியால் நடமாட முடியவில்லை. காவல்காரன் அடுத்த வீட்டில் இருந்தும் இந்த வீட்டுப் படி ஏற முடியாத கதை. எந்தப் பயிருக்கு எது துணை என்பதை வயல்தான் சொல்ல வேண்டும். பொத்தாம்பொதுவான ஆர்வம் சொல்லாது.

இன்று பருத்தியின் பெரிய எதிரியான இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கும் துணைப்பயிர் மருந்தல்ல. அந்தப் புழு பொரித்த கொஞ்ச நேரத்தில் காய்க்குள் புகுந்துவிடும். பொறிவண்டு கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதற்கு இனக்கவர்ச்சிப் பொறி வேண்டும், பருத்தியை ஜனவரிக்குமேல் நீட்டாமல் முடிக்க வேண்டும், மாரை வயலிலேயே விட்டுவைக்காமல் அகற்ற வேண்டும். துணைப்பயிரின் வேலை அதற்கு முந்தியது. முதல் இரண்டு மாதம் சாறு உறிஞ்சிகளுக்காகத் தெளிக்கும் அவசியத்தைக் குறைப்பது. அந்த இரண்டு மாதம் மருந்து விழாவிட்டால், பிறகு வரும் எல்லாச் சண்டைக்கும் படை மிஞ்சும்.

இதற்குப் பொறுமை வேண்டும், அதுதான் கடினம். வெள்ளை ஈ இலைக்கு ஆறு என்ற அளவைத் தாண்டும்வரை தெளிக்காதே என்கிறது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அதாவது ஐந்து ஈ இருக்கும்போது சும்மா இரு. கடன் வாங்கி விதைத்தவனுக்கு இது எளிய அறிவுரை அல்ல. ஆனால் ஒரு பூச்சிகூட இல்லாத வயலில் காவலும் இருக்காது என்பதை அவனுக்கு யாராவது வயலில் உட்கார்ந்து காட்டியாக வேண்டும்.

இவ்வளவு மலிவான முறை ஏன் பரவவில்லை? மலிவாக இருப்பதே முதல் காரணம். காராமணி விதையை விவசாயி அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைத்துக்கொள்வான். அதில் யாருக்கும் கமிஷன் இல்லை. விளம்பரப் பலகை வைக்க ஆளில்லை.

இரண்டாவது காரணம், சொல்லும் விதம். பி.டி. பருத்தி வந்தபோது 450 கிராம் விதைப் பாக்கெட்டோடு 120 கிராம் பி.டி. அல்லாத விதையும் கொடுத்தார்கள். அதை ஓரத்தில் புகலிடமாக விதைக்க வேண்டும். புழு எதிர்ப்புச் சக்தி பெறாமலிருக்க அது தேவை. பெரும்பாலோர் அந்தச் சின்னப் பாக்கெட்டைத் தூக்கி எறிந்தார்கள். முட்டாள்தனம் என்று நகரத்தில் பேசினோம். புழு தின்பதற்கென்றே ஒரு வரிசை விதைக்கச் சொன்னால், இரண்டு ஏக்கர்க்காரன் எப்படி விதைப்பான்? அதன் பலன் பத்து வருஷம் கழித்து, ஊருக்குப் பொதுவாக. காராமணி அப்படியல்ல. இரண்டு மூன்று மாதத்தில் காய் பறித்து விற்கலாம், மீதியைக் குழம்பு வைக்கலாம், கொடியை மாட்டுக்குப் போடலாம், மண்ணுக்கும் உரம். காவல் போக வீட்டுக்கும் வரவு உண்டு என்பதைச் சொல்லித்தான் துணைப்பயிரை விதைக்கச் செய்ய முடியும்.

மூன்றாவது காரணம் புதியது. களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி விதை, அனுமதி இல்லாமலே விதர்பாவிலும் தெலங்கானாவிலும் விற்கப்படுகிறது. களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை என்று விவசாயி சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தக் களைக்கொல்லிக்குக் காராமணியும் களைதான்; கொத்தமல்லியும் களைதான். ஒருமுறை அடித்தால் பருத்தி மட்டும் நிற்கும். பார்வைக்குச் சுத்தமான வயல். பொறிவண்டின் பார்வையில் அது பாலைவனம். ஆள் பற்றாக்குறைக்கு வேறு விடை சொல்லாமல் ஊடுபயிரைப் பற்றிப் பேசினால் அது வெறும் பிரசங்கம். சிறு விவசாயி வாடகைக்கு எடுக்கக்கூடிய களைக் கருவிகள் ஊருக்கு ஊர் இருக்க வேண்டும்.

முடியாத காரியமல்ல. அன்றைய கம்மம் மாவட்டத்தில் புனுகுலா என்ற சின்னப் பருத்திக் கிராமம், 2000-ம் ஆண்டை ஒட்டி, தொண்டு நிறுவனங்களின் துணையோடு மருந்தை நிறுத்தத் தொடங்கியது. ஆமணக்கும் செண்டுமல்லியும் பொறிப் பயிர். வேப்பங்கொட்டைக் கரைசல் கைமருந்து. நாலைந்து ஆண்டுக்குள் ஊரே பூச்சிமருந்தைக் கைவிட்டது. அந்த அனுபவத்தை எடுத்துக்கொண்டு ஆந்திர அரசு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாகப் பல ஆயிரம் கிராமங்களுக்குப் போயிற்று. ஊர் முழுவதும் செய்ததுதான் ரகசியம். நான் பூ வைத்து வளர்த்த குளவிக்கு என் வரப்பு எது, உங்கள் வரப்பு எது என்று தெரியாது. பக்கத்து வயலில் மருந்து அடித்தால் என் காவல்காரன்தான் சாவான்.

எனவே அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு, பெரிய செலவில்லை. மானிய விதை கொடுக்கும்போது பருத்தியோடு ஒரு கைப்பிடி காராமணியும் கொத்தமல்லியும் கொடுக்கட்டும். கூடவே பருவத்துக்கு நாலு முறை வயலில் வகுப்பு நடத்த ஓர் ஆளை அனுப்பட்டும். ஆள் போகாமல் பாக்கெட் மட்டும் போனால் இதுவும் அந்த 120 கிராம் பாக்கெட் போன வழியே போகும். நிடானாவின் பாடம் இதுதான். அங்கே விதைக்கப்பட்டது முதலில் பார்வை, பயிர் பிறகு.

மருந்துக் கடை மூடப்படப் போவதில்லை. மூட வேண்டும் என்றும் இங்கே வாதாடவில்லை. அந்த விவசாயி இலையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பும் முன், அதே இலையைத் திருப்பிப் பார்க்கட்டும். அடிப்பக்கத்தில் அசுவினிக்கு நடுவே, முதலை போன்ற உருவத்தில் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு புழு ஊர்ந்துகொண்டிருக்கலாம். அது பொறிவண்டின் பிள்ளை. பார்க்கக் கொடூரமாக இருப்பதால் பலர் முதலில் நசுக்குவது அதைத்தான்.